செவியில்லாத தலைமை

சில சொற்சேர்க்கைகளைத் தமிழில் பெயர்க்க முற்படும்போதுதான் அவற்றின் உள்ளே இருக்கும் வெற்றிடம் புலப்படுகிறது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், அனன்பர்க் பள்ளியின் அங்கமாக 2007ஆம் ஆண்டு ஒரு மையம் நிறுவப்பட்டது. அதன் பெயரைத் தமிழாக்கினால் ‘தகவல்தொடர்புத் தலைமை மற்றும் கொள்கைக்கான மையம்’ என்று வரும். ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர்பு என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு முனைகள் உண்டு. ஒரு முனையில் நிற்பவனுக்கு எவ்வளவு இடமோ மறுமுனையில் நிற்பவனுக்கும் அவ்வளவு இடம். தலைமை என்பதற்கோ உச்சி ஒன்றுதான். இவ்விரண்டையும் ஒட்டவைத்தால் கிடைப்பது என்ன? பேசுகிறவன் உயரத்திலும் கேட்கிறவன் தாழ்விலும் இருக்கும் ஒரு மேடை. அதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு: பொதுக்கூட்டம்.

இது சொல் விளையாட்டு என்று தோன்றலாம். இல்லை என்பதே எங்கள் வாதம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கடந்த அறுபது ஆண்டுகளாக இவ்வகை மையங்கள் முளைத்தபடி இருக்கின்றன. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1965இல் ஒன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004இல், பொதுத் தகவல்தொடர்பில் நேர்மையை வளர்ப்பதற்கென்று ஒன்று. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2005இல், மக்கள் தொடர்புத் துறையின் தலைமைப் பண்புக்கென்று இன்னொன்று. பொதுச் சேவை, குடிமை, நேர்மை, தலைமை ஆகிய நான்கு சொற்களை வெவ்வேறு வரிசையில் அடுக்கினால் இவற்றின் நோக்க அறிக்கைகள் அனைத்தையும் எழுதிவிடலாம். முன்னாள் தூதர்களும் முன்னாள் ஆசிரியர்களும் முன்னாள் அமைச்சக அதிகாரிகளும் ஆய்வாளர் என்ற பட்டத்துடன் அமர்கிறார்கள்; வட்டமேசை கூடுகிறது; விருது வழங்கப்படுகிறது; அறிக்கை வெளியாகிறது. நல்லவர்கள், கற்றவர்கள், நாகரிகமானவர்கள். பேசிப் பழகியவர்கள். அங்கேதான் சிக்கல்.

வள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை அடுக்கிய முறையை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். சொல்வன்மை, தூது, அவையறிதல், அவையஞ்சாமை ஆகியவை எல்லாம் எங்கே இருக்கின்றன? அமைச்சியலில். பேசத் தெரிய வேண்டியது அமைச்சனுக்கு, தூதனுக்கு; ஊழியம் செய்கிறவனுக்கு. அரசனைப் பற்றிய அரசியல் இயலில் அவர் வைத்த அதிகாரத்தின் பெயர் கேள்வி. கல்வி, கல்லாமை என்று தொடங்கி அடுத்ததாகக் கேள்வி. இறைமாட்சியிலேயே, தன் செவிக்குக் கைக்கும் சொல்லைப் பொறுக்கிறவனுடைய குடையின் கீழ்தான் உலகு தங்கும் என்ற கருத்தைச் சொல்லிவிடுகிறார். தலைமைக்குரிய தகவல்தொடர்புத் திறன் காதில் இருக்கிறது, வாயில் இருப்பது பணியாளனின் திறன் என்ற இந்தப் பாகுபாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாமே மறந்துவிட்ட நிலையில், கலிபோர்னியாவில் எதிர்பார்ப்பது பேராசைதான். ஆனாலும் அளவுகோல் அளவுகோலே. அதைக் கொண்டு அளப்போம்.

முதலில் பெயர்ப்பலகை. நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டின் மேல் ‘உபயம்’ என்று எழுதி, கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், கடைப் பெயர் எல்லாம் நிரப்பி, கடைசியில் வெளிச்சம் வர வழியில்லாமல் செய்திருப்பார்கள். அனன்பர்க் என்ற பெயரும் அப்படி ஒரு குழல்விளக்கின் மேல் எழுதப்பட்ட பெயர். வால்டர் அனன்பர்க் 1958இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் 1971இல் தென் கலிபோர்னியாவிலும் தகவல்தொடர்புப் பள்ளிகளை நிறுவினார். தந்தை மோசஸ் அனன்பர்க், குதிரைப் பந்தயச் செய்திகளைத் தந்தி வழியே விற்றுச் செல்வம் சேர்த்து, வரி ஏய்ப்புக்காக 1940இல் சிறை சென்றவர். மகனுக்குக் கிடைத்த சொத்துகளுள் ஒன்று ‘பிலடெல்பியா இன்குவைரர்’ நாளேடு. பின்னர் ‘டிவி கைட்’ வார இதழைத் தொடங்கி அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். 1988இல் தம் பதிப்பு நிறுவனத்தை ரூபர்ட் முர்டாக்குக்கு ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு விற்றார். அந்தப் பணத்திலிருந்தே அறக்கட்டளை எழுந்தது. 1993இல் இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 12 கோடி டாலர், 2002இல் இரு பள்ளிகளுக்கும் தலா 10 கோடி டாலர். ஈகையின் அளவை மறுப்பதற்கில்லை.

ஆனால் அவர் கையில் நாளேடு இருந்தபோது அதைக் கொண்டு என்ன செய்தார்? 1966இல் பென்சில்வேனியா ஆளுநர் தேர்தலில் மில்டன் ஷாப் என்பவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றார். பென்சில்வேனியா ரயில்வேயை நியூயார்க் சென்ட்ரல் நிறுவனத்துடன் இணைப்பதை எதிர்த்தவர் அவர். அனன்பர்க் அந்த ரயில்வேயின் பெரும் பங்குதாரர்களுள் ஒருவர். இன்குவைரர் நிருபர் ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில் எழுந்து, நீங்கள் எப்போதாவது மனநல மருத்துவமனையில் இருந்ததுண்டா என்று கேட்டார். ஷாப், இல்லை என்றார், இருந்ததும் இல்லை. மறுநாள் ஏட்டில், மனநல மருத்துவமனையில் இருந்ததை ஷாப் மறுக்கிறார் என்று தலைப்பு வந்தது. ஷாப் அந்தத் தேர்தலில் தோற்றார். இலக்கணப்படி அத்தலைப்பில் பொய் ஏதுமில்லை. கேள்வியும் கேட்கப்பட்டது, மறுப்பும் சொல்லப்பட்டது. தகவல் சரி, தொடர்புதான் நஞ்சு. நான்காண்டு கழித்து அதே ஷாப் வென்று ஆளுநரானார் என்பதும், இணைந்த ரயில் நிறுவனம் 1970இலேயே திவாலானது என்பதும் வரலாற்றின் சிறு கேலிகள்.

அதே ஏட்டின் புகழ்பெற்ற புலனாய்வு நிருபர் ஹாரி காரஃபின், உங்களைப் பற்றி எழுதிவிடுவேன் என்று மிரட்டிப் பல ஆண்டுகள் பணம் பறித்துவந்தார். 1967இல் ‘பிலடெல்பியா’ மாத இதழ் அதை வெளிப்படுத்தியது. மறுவருடம் அவர் தண்டிக்கப்பட்டார். முதலாளிக்கு இது தெரிந்திருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. தன் செய்தி அறையில் நடப்பதை ஒரு நிறுவனம் கேளாமலே எவ்வளவு காலம் இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல பாடநூல் உதாரணம் என்று மட்டுமே சொல்கிறோம். இந்தக் கேளாமைக்குப் பின்னால் மீண்டும் வருவோம்.

நியாயமாக இருப்போம். மையத்தை 2007 முதல் வழிநடத்திய ஜெஃப்ரி கோவன் மேம்போக்கான ஆள் அல்லர். பொதுநல வழக்கறிஞர். 1968இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதித் தேர்வு முறையை மாற்றிய இயக்கத்தில் இளைஞராகப் பங்காற்றியவர். பென்டகன் ஆவணங்கள் வழக்கைப் பற்றி நாடகம் எழுதியவர்களுள் ஒருவர். 1994 முதல் 1996 வரை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் இயக்குநர். அவரும் டேவிட் வெஸ்ட்ஃபாலும் 2010இல் மையத்தின் சார்பில் வெளியிட்ட அறிக்கை, எங்கள் பார்வையில், இத்தகைய மையம் ஒன்றிலிருந்து வந்த மிகப் பயனுள்ள எழுத்துகளுள் ஒன்று. அமெரிக்கப் பத்திரிகைத் துறை அரசின் கையை எதிர்பாராமல் தன் காலில் நின்று வளர்ந்தது என்ற பழங்கதையை அது உடைக்கிறது. 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்திலிருந்தே அரசு பத்திரிகைகளுக்கு மலிவான அஞ்சல் கட்டணம் என்ற வடிவில் உதவிவந்திருக்கிறது. 1970 வாக்கில் இதழ்களை அனுப்பும் செலவில் 75 விழுக்காட்டை அஞ்சல் துறை ஏற்றது. அறிக்கை எழுதப்பட்ட காலத்தில் அது 11 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. அச்சிதழ்களின் வீழ்ச்சிக்கு இணையத்தை மட்டும் பழித்தவர்கள் இந்த எண்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

(இதைப் படிக்கும் நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு நெஞ்சு பதறும். மலிவான அஞ்சல் கட்டணத்தின் முதுகில் ஏறித்தான் தமிழில் பல சிற்றிதழ்கள் நூறு இருநூறு பேரைச் சென்றடைந்தன. இந்திய அஞ்சல் துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் என்ற மலிவு வகையைச் சத்தமில்லாமல் விலக்கியபோது, சிறு பதிப்பகங்கள்தாம் முதலில் அலறின. பேச்சுச் சுதந்திரம் என்பது ஓரளவுக்குத் தபால்தலையின் விலை என்ற எளிய உண்மையை எடுத்துரைக்க நம் பல்கலைக்கழகம் எதிலிருந்தும் ஓர் அறிக்கை வரவில்லையே என்று எங்களுக்கு அந்த மையத்தின் மேல் பொறாமையே உண்டாயிற்று.)

ஆக, அறிக்கை எழுதும் மையம் ஒன்று பல்கலைக்கழகத்தில் இருப்பதில் எங்களுக்கு மனத்தாங்கல் கிடையாது. ‘தலைமை’ என்ற அடைமொழி வந்து ஒட்டிக்கொண்டதும் நிகழும் மாற்றத்தைத்தான் கேள்விக்குள்ளாக்குகிறோம். அதன் வம்சாவளியைப் பார்க்க வேண்டும்.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து மையம் 1965இல் எட்வர்ட் மரோ என்ற ஒலிபரப்பாளரின் பெயரில் நிறுவப்பட்டது. அவர் மறைந்த ஆண்டும் அதுவே. அதன் துறைத்தலைவர் எட்மண்ட் கல்லியன் தாங்கள் கற்பிக்கப்போவதற்கு ஒரு பெயர் தேடினார். பிரசாரம் என்ற சொல்லே தாங்கள் செய்வதற்கு மிக நெருக்கமானது, ஆனால் அந்தச் சொல்லுக்கு இந்நாட்டில் இழிபொருள் ஏறிவிட்டது, ஆகவே ‘பொது ராஜதந்திரம்’ என்று வைத்தோம் என்று அவரே பின்னர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறோம். இவருக்கு முன்பே எட்வர்ட் பெர்னேஸ் 1928இல் ‘பிரசாரம்’ என்றே தலைப்பிட்டுப் புத்தகம் எழுதியவர். அச்சொல் கெட்டுப்போனபோது ‘மக்கள் தொடர்பு’ கைகொடுத்தது. பிறகு ‘தகவல்தொடர்பு’. அதுவும் பழசானபின் ‘தகவல்தொடர்புத் தலைமை’. பண்டம் ஒன்றுதான், சாக்கு மாறிக்கொண்டே வருகிறது. சாக்கின் மேல் ஒரு புனிதரின் படம் ஒட்டப்படுவதே புதுமை.

அந்தப் புனிதரின் கதையும் கேட்கத் தக்கது. மரோ 1954 மார்ச்சில் செனட்டர் மக்கார்த்தியைத் தொலைக்காட்சியில் அம்பலப்படுத்தியவர். 1960 நவம்பரில், நன்றியறிதல் நாளுக்கு மறுநாள், அமெரிக்கர்களின் விருந்து மேசைக்கு உணவு விளைவிக்கும் புலம்பெயர் பண்ணைக் கூலிகளின் அவலத்தை ‘அவமானத்தின் அறுவடை’ என்ற ஆவணப்படமாக ஒளிபரப்பினார். சில மாதங்களில் கென்னடி அரசு அவரை அமெரிக்கத் தகவல் முகமையின் இயக்குநராக்கியது. 1961இல் பிபிசி அந்தப் படத்தைப் பிரிட்டனில் காட்ட முனைந்தது. மரோ என்ன செய்தார் தெரியுமா? பிபிசியின் தலைமை இயக்குநரைத் தொடர்புகொண்டு, தம் சொந்தப் படத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிபிசி மறுத்தது, படம் ஒளிபரப்பாயிற்று.

மரோவைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. அவரைப் போன்ற ஒருவரையே நாற்காலி என்ன செய்கிறது என்று பாருங்கள் என்கிறோம். பண்ணைக் கூலிகள் பேசுவதைக் கேட்டு அதை நாட்டுக்குக் கேட்கவைத்த வரையில் அவர் தகவல்தொடர்பாளர். நாட்டின் சார்பில் பேசும் தலைமைப் பதவிக்கு வந்தவுடன் முதல் வேலைகளுள் ஒன்று அக்கூலிகளின் குரலை அடைப்பதாக இருந்தது. இரண்டு மரோக்கள் இருந்தார்கள். மையத்துக்குப் பெயர் தந்தது முதல் மரோவின் புகழ். அங்கே கற்பிக்கப்பட்டது இரண்டாம் மரோவின் தொழில்.

மீண்டும் லாஸ் ஏஞ்சலீஸ். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மருத்துவ மனையில் ஜார்ஜ் டிண்டால் என்ற ஒரே ஒரு முழுநேர மகளிர் மருத்துவர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பணியாற்றினார். பரிசோதனை என்ற பெயரில் அவர் நடந்துகொண்ட விதத்தைக் குறித்து 1990களிலிருந்தே செவிலியரும் உடனிருந்த பெண் உதவியாளர்களும் மேலிடத்தில் முறையிட்டுவந்தார்கள். மாணவியரும் முறையிட்டார்கள். ஆண்டுகள் போயின. 2016இல், பல முறை சொல்லியும் பயனில்லாத நிலையில், ஒரு செவிலியர் மேற்பார்வையாளர் மேலதிகாரிகளைத் தாண்டி வளாகத்திலிருந்த பாலியல் வன்முறைத் தடுப்பு மையத்துக்கே சென்று சொன்ன பிறகுதான் அம்மருத்துவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 2017இல் பணம் கொடுத்து ஓசையின்றி அனுப்பிவைத்தார்கள். அவரிடம் சென்ற பெண்களுக்குத் தெரிவிக்கவில்லை. 2018 மே மாதம் ‘லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்’ எழுதிய பிறகே உலகறிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி இழந்தார். வழக்குகளைத் தீர்க்க 2021 வரை பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட தொகை 110 கோடி டாலருக்கும் மேல். டிண்டால் குற்றச்சாட்டுகளை மறுத்துவந்தார். குற்றவியல் விசாரணை தொடங்கும் முன்பே 2023இல் இறந்துபோனார்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு வாசகருக்கு வேண்டும். ஒரே வளாகம். ஒரு கட்டடத்தில், அதிகாரத்திடம் உண்மையை எப்படி எடுத்துரைப்பது, நெருக்கடியில் எப்படி வெளிப்படையாக நடந்துகொள்வது என்றெல்லாம் பாடம். இன்னொரு கட்டடத்தில், மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு செவிலியர், கேட்க ஆளில்லாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். ‘தகவல்தொடர்புத் தலைமை’ என்பதற்கு அந்த வளாகத்தில் அப்போது உயிருள்ள விளக்கம் ஒன்று இருந்ததென்றால் அது அந்தச் செவிலியர்தான். தலைமை என்ற சொல்லை நாம் வழக்கமாகக் கட்டித் தொங்கவிடும் எந்தக் கொம்பும் அவரிடம் இல்லை. பதவி இல்லை, மேடை இல்லை, சொல்வன்மைப் பயிற்சி இல்லை. கேட்டதைச் சொன்னார், அதுவும் பலமுறை.

மையத்துக்கும் மருத்துவ மனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நிர்வாக வரைபடத்தில் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆய்வாளர்களை அவ்வழக்கில் குற்றவாளிகளாக்குவது அபத்தம். எங்கள் குறை வேறு. இத்தகைய மையங்களின் கண்கள் எப்போதும் தொலைவிலேயே இருக்கின்றன. வாஷிங்டனில் ஜனநாயகம் எப்படி இருக்கிறது, அடுத்த அதிபர் விவாதத்தை எப்படி நடத்தலாம், செய்தித்துறைக்கு யார் பணம் தருவது. எல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் முறையீடு ஒன்று கீழ்மட்டத்திலிருந்து கிளம்பி எத்தனை மேசைகளில் முடங்குகிறது, எந்த மேசையில் அதன் வினைச்சொற்கள் செயப்பாட்டு வினையாக மாறுகின்றன, எந்த மேசையில் அது சட்ட ஆலோசகரின் கோப்பாகிறது என்ற ஆராய்ச்சியைவிடத் தகவல்தொடர்புத் துறைக்குரிய ஆராய்ச்சி வேறெது? ஆய்வுப்பொருள் நூறடி தூரத்தில் இருந்தது. அதற்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கக்கூட வேண்டியதில்லை.

கேட்கும் பண்பு நிறுவனங்களில் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. கோவன் முன்பு இயக்குநராக இருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பணத்தில் நடக்கும் வானொலி. அரசின் ஊதுகுழல் என்றே பிறந்தது. ஆனாலும் செய்தி நம்பகமாகவும் சமநிலையுடனும் இருக்க வேண்டும் என்று ஊழியர்கள் பல்லாண்டு வலியுறுத்திய சாசனம் 1976இல் சட்டமாயிற்று. 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரங்கள் விழுந்த சில நாட்களில், அதன் நிருபர் ஒருவர் தாலிபான் தலைவர் முல்லா உமரை நேர்கண்டார். வெளியுறவுத் துறை ஒலிபரப்பக் கூடாதென்றது. ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 25 அன்று அந்நேர்காணலின் பகுதிகளோடு செய்தி ஒலிபரப்பாயிற்று. எதிரியின் வாயிலிருந்து வந்ததைத் தம் நேயர்கள் கேட்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள் வானொலிக்காரர்கள். அரசுத் தலைமை அவர்களைத் தடுக்கவே முயன்றது. 2025 மார்ச்சில் அதே வானொலியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே நாளில் விடுப்பில் அனுப்பியதும் ஒரு தலைமையின் செயலே.

இனி, எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்வு. 2024 மே மாதப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்ற அஸ்னா தபஸ்ஸும் என்ற மாணவியைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்தது. உயர்மதிப்பெண் பெற்று விண்ணப்பித்த ஏறத்தாழ நூறு பேரிலிருந்து. உயிர்மருத்துவப் பொறியியல் முதன்மைப் பாடம். இனப்படுகொலைக்கு எதிரான எதிர்ப்பு குறித்த படிப்பு துணைப்பாடம். துணைப்பாடத்தை வகுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாலஸ்தீன ஆதரவுப் பக்கம் ஒன்றுக்கு இணைப்பு இருந்தது. அது யூத வெறுப்பு என்று சில அமைப்புகள் கண்டித்தன. இல்லை, மனித உரிமைக் குரல் என்று வேறு அமைப்புகள் ஆதரித்தன. விவாதிக்கத்தக்க விவாதம். ஏப்ரல் 15 அன்று பல்கலைக்கழகம் அவ்விவாதத்தை ஒரு கடிதத்தால் முடித்துவைத்தது: பாதுகாப்புக் காரணங்களால் அவர் பேச மாட்டார். இதற்கும் பேச்சுச் சுதந்திரத்துக்கும் தொடர்பில்லை, பட்டமளிப்பு விழாவில் பேசும் உரிமை எவருக்கும் கிடையாது என்று கடிதம் விளக்கியது.

சட்டப்படி சரியாக இருக்கலாம். மில்டன் ஷாப் பற்றிய தலைப்பும் இலக்கணப்படி சரியாகத்தான் இருந்தது. இந்தக் கடிதத்தின் மொழியை இலக்கிய வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒருவரைப் பேசவிடாமல் செய்வது ஒரு வினை. அதற்கு எழுவாய் வேண்டும். இங்கே எழுவாய் பாதுகாப்பு. யார் மிரட்டினார்கள், எதைச் சொல்லி மிரட்டினார்கள், மிரட்டியவரைத் தடுப்பதை விட்டுவிட்டு மிரட்டப்பட்டவரை ஏன் தடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. இத்தகைய வாக்கியங்களை எழுதக் கற்றுத்தருவதே இன்று உலகெங்கும் தகவல்தொடர்புக் கல்வியின் பெரும்பகுதி என்று படுகிறது. அதில் பட்டம் பெறுகிறவர்கள்தாம் நாளை நம் ஊர் நிறுவனங்களிலும் ‘வருந்துகிறோம்’ என்று எழுதப்போகிறார்கள்.

அடுத்தடுத்து நடந்தவை தெரிந்தவையே. பிற சிறப்புரையாளர்களும் விலக்கிக்கொள்ளப்பட்டார்கள். ஏப்ரல் 24 அன்று வளாகத்தில் கூடியவர்களில் 93 பேரைக் காவல்துறை கைதுசெய்தது. மறுநாள் முதன்மை விழாவே ரத்து. ஏறத்தாழ 65,000 பேர் வருவதாக இருந்த விழா. ஒரு பெண் சில நிமிடம் பேசுவதைக் கேட்பதைக்காட்டிலும் 65,000 இருக்கைகளைக் காலியாக விடுவது எளிது என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவுசெய்தது. அவ்வளாகத்தில் தகவல்தொடர்புக்கென்றே ஒரு பள்ளியும், அதன் தலைமைப் பண்புக்கென்றே ஒரு மையமும், அரசுகள் அயல்நாட்டு மக்களோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கென்று 2003இலிருந்து இன்னொரு மையமும் உண்டு.

எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. அம்மாணவி பகிர்ந்த இணைப்பின் கருத்துகளோடு எங்களுள் சிலருக்கு உடன்பாடில்லை. தனியார் பல்கலைக்கழகம் ஒன்று தன் மேடையில் யார் ஏறலாம் என்று முடிவுசெய்வதில் என்ன தவறு என்றும் ஒரு நண்பர் வாதிட்டார். முடிவுசெய்யட்டும், ஆனால் முடிவுசெய்துவிட்டுத்தானே அவரைத் தேர்ந்தெடுத்தது என்பது மற்றவர்களின் பதில். கூப்பிட்ட விருந்தாளியை வாசலில் நிறுத்தி, உன் பாதுகாப்புக்காகத்தான் கதவைச் சாத்துகிறோம் என்று சொல்கிறவரை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று நண்பர் பிறகு தாமே சொல்லிச் சிரித்தார். அச்சில் ஏற்ற இயலாத சொல் அது.

இதற்கு மாற்று என்ன, மையங்களை இழுத்து மூடிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அந்த அஞ்சல் அறிக்கை போன்றவை வரட்டும். ஆனால் நிதியின் ஒரு பங்கை, தன் பல்கலைக்கழகத்துக்குள் எழும் முறையீடுகள் எங்கே தேங்குகின்றன என்று ஆண்டுதோறும் ஆராய்ந்து பெயர்களோடு வெளியிடச் செலவழிக்கட்டும். ஆய்வாளர் நாற்காலிகளுள் ஒன்றை முன்னாள் தூதருக்குத் தராமல் மருத்துவ மனைச் செவிலியருக்கும் விடுதிக் காவலாளிக்கும் மாறிமாறித் தரட்டும். அதுவரையில் பெயர்ப்பலகையிலிருந்து தலைமை என்ற சொல்லை இறக்கி வைக்கட்டும். வெறும் ‘தகவல்தொடர்பு மையம்’ என்ற பெயரில் குறை ஒன்றுமில்லை. அதிகச் செலவும் பிடிக்காது.

தபஸ்ஸும் பேசாமல் போன உரை கடைசியில் அச்சேறியது. மாணவர் பத்திரிகை அதை வெளியிட்டது. தாம் உங்கள் முன் நிற்பதைப் பெருமையாகக் கருதுகிறேன் என்ற பொருளில் ஒரு தொடக்கம், முடிவில் ஒரு நன்றி. நடுவில் இருந்த பத்திகள் முழுவதும், வரிக்கு வரி, கருப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. பொறியியல் பள்ளியின் சிறு விழாவில் பட்டம் வாங்க அவர் மேடையேறியபோது, கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள்.